மேனேஜரை நகர்த்தியது யார்

என் வேலையைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "குதிரையை வச்சு வைத்தியம் பாக்குறீங்களாமே?" வைத்தியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் சிறப்புப் பள்ளி ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் ஒரு லாயம், மணல் கொட்டிய ஒரு மைதானம், மூன்று குதிரைகள். நடக்க முடியாத பிள்ளையைக் குதிரை மேல் உட்கார வைத்தால், குதிரை நடக்கும்போது பிள்ளையின் இடுப்பும் நடப்பது போலவே அசையும். முதுகு நிமிரும். சில பிள்ளைகள் அலறுவதை நிறுத்துவார்கள். சிலர் அப்போதுதான் அலறத் தொடங்குவார்கள். முப்பத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். குதிரை யாரையும் குணப்படுத்தி நான் பார்த்ததில்லை. என் விலா எலும்பை மட்டும் இரண்டு தடவை உடைத்திருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குள் இந்தக் கூத்து.

மேனேஜர் என்பது ஒரு குதிரை. இரண்டு தடவை சொல்லாமல் எதையும் செய்யாது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நிற்கும். அதனால் தபால்காரர் வைத்த பெயர். தபால்காரர் என்பது எங்கள் குதிரைகளின் கயிறு பிடித்து நடத்துபவர். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்களிடம் வந்தவர். பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு காதும் மந்தம். இந்த வேலைக்கு அது நல்லதுதான். பிள்ளை எவ்வளவு கத்தினாலும் கயிறு பிடித்த கை நடுங்காது.

மேடம் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. பேச்சு இல்லை. பேச்சு என்ன, விழுந்தால்கூடச் சத்தம் இல்லை. முதல் நாள் குதிரை மேல் ஏறியதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே எதையோ பார்த்தாள். "மேடம் வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார் தபால்காரர். அன்றிலிருந்து மேடம். பஸ் ஓட்டுகிற அவளுடைய அம்மாவும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறாள். இப்போது மேடத்துக்குப் பதினெட்டு வயது. இன்னும் எங்கள் தலைக்கு மேலேதான் பார்க்கிறாள்.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு, தட்டுவது. மேசை, சுவர், பஸ் ஜன்னல், அம்மாவின் தலை, எதிரே நிற்கிற அந்நியரின் பை, எல்லாவற்றையும் உள்ளங்கையால் தட்டுவாள். ஒரு நாளைக்கு எழுநூறு தட்டாவது இருக்கும்.

எங்கள் லாயத்தில் ஒரு சட்டம். நான் போட்டதுதான். பிள்ளை கேட்காமல் குதிரை நகரக் கூடாது. வாயால் கேட்கலாம், கையால் கேட்கலாம், முட்டியால் கேட்கலாம், கண்ணைச் சிமிட்டியும் கேட்கலாம். எப்படியாவது கேட்க வேண்டும். கேட்கும்வரை கயிறு பிடிப்பவர் இழுக்கவே கூடாது, நான் குதிரையைத் தொடக் கூடாது. ஒரு பையனுக்காக ஒரு தடவை நாற்பது நிமிடம் நின்றோம், மழையில். பிறகு அவன் தும்மினான். அதைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று எனக்கும் தபால்காரருக்கும் ஒரு வாரம் சண்டை.

மேடம் இரண்டாவது மாதத்திலேயே பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். மேனேஜரின் கழுத்தில் இரண்டு தட்டு. மேனேஜர் நடக்கும். ஒரு சுற்று முடிந்து நிற்கும். மறுபடி இரண்டு தட்டு. மறுபடி நடக்கும். "தானாகக் கேட்டாள்" என்று நோட்டில் எழுதினேன். வருடத்துக்கு ஒரு நோட்டு, பதினோரு நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு வார்த்தை. ஒரு கூட்டத்தில் இதைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். கேடயம்கூடக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க என் வீட்டுக்காரர் அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.

போன திங்கட்கிழமை தபால்காரர் காதுக் கருவி மாட்டிக்கொண்டு வந்தார். மகள் வாங்கிக் கொடுத்ததாம். காலையிலிருந்து ஒரே புலம்பல். குதிரை மெல்லும் சத்தம் சகிக்கவில்லை, தன் செருப்பே தன்னைத் திட்டுகிறது, பறவைகளுக்கு வேறு வேலை இல்லையா என்று. மேடம் ஏறி மூன்று சுற்று போனோம். மூன்றாவது சுற்றில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"டீச்சர், தொண்டைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"இல்ல, பாப்பா தட்டுறப்பல்லாம் நீங்க செருமுறீங்க. நீங்க செருமினதும் இது கிளம்புது."

"நான் எங்க செருமினேன்?"

"தோ, இப்பக்கூட."

மேனேஜர் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தது.

வகுப்பு முடிந்து மேடம் போன பிறகு மேனேஜரை மைதானத்தின் நடுவில் நிறுத்தினேன். கழுத்தில் இரண்டு தட்டு தட்டினேன். நின்றது. பத்து தட்டினேன். இடித்த புளி மாதிரி நின்றது. தொண்டையைச் செருமினேன். நடந்தது. நிறுத்திவிட்டு மறுபடி செருமினேன். மறுபடி நடந்தது. ஏழு தடவை செய்து பார்த்தேன், ஏழு தடவையும் அப்படியே. வைக்கோல் தூசியிலும் மணலிலும் முப்பத்தாறு வருடம் நின்ற தொண்டை. சந்தோஷம் வந்தால் செருமும் போலிருக்கிறது. மேடம் எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டுதான் இருப்பாள். இரண்டு தட்டு கழுத்தில் விழும்போது நான் பூரித்துப் போய்ச் செருமியிருக்கிறேன். குதிரை நகர்ந்திருக்கிறது. அவள் கேட்டாள் என்று நான் எழுதியிருக்கிறேன். என்னை நானே பதினோரு வருடம் ஏமாற்றியிருக்கிறேன், அதுவும் தேதி போட்டு.

தபால்காரர் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வேணா இதைக் கழட்டிடட்டுமா டீச்சர்?" என்று காதைக் காட்டினார்.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, நான் செருமுவேனா?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "முப்பது வருஷமா. நீ செருமினா நான் எழுந்து டீ போடப் போவேன்."

"நான் ஒரு நாளாவது டீ கேட்டிருக்கேனா?"

"அதத்தான் சொல்றேன்."

சிரிப்பதற்கு நேரமில்லை. பதினெட்டு முடிந்தால் பள்ளியில் இடமில்லை. மேடத்துக்கு முன்னால் இரண்டே வழி. ஒன்று, ஊருக்குள்ளேயே இருக்கும் தொழிற்கூடம். காலையில் போய் அட்டைப்பெட்டி மடித்துவிட்டு, சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்கு வரலாம். அங்கே சேர ஒரே நிபந்தனை. தாகமோ, கழிப்பறையோ, வலியோ, தனக்கு வேண்டியதை யாரும் தூண்டாமல் தானே கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்றது, ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் விடுதி. அங்கேயே தங்க வேண்டும். சுத்தமான இடம், நல்ல மனுஷர்கள், நான் பார்த்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, யாரும் யாருக்காகவும் காத்திருப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக இருந்தது. விண்ணப்பத்தில் "குதிரையை நடக்கச் சொல்லித் தானாகக் கேட்பாள்" என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை செருமிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது பொய்ங்க."

"பொய் எங்க வந்தது? சளி."

ராத்திரி முழுக்க அதை யோசித்தேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். தூங்கிவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நான் செருமி, அவள் அந்தத் தொழிற்கூடத்தில் சேர்ந்துவிடுகிறாள். ஒரு நாள் தாகம் எடுக்கிறது. மேசையைத் தட்டுகிறாள். எல்லாவற்றையும் தட்டுகிறவள்தானே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே யார் செருமுவார்கள்?

புதன்கிழமை மதியம் அவளுடைய அம்மாவைத் தேடி பஸ் நிலையத்துக்குப் போனேன். அடுத்த நடைக்கு இருபது நிமிடம் இருந்தது. காலி பஸ்ஸின் படியில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கடைசி வாய் வரை சாப்பிட்டாள், டப்பாவை மூடினாள்.

"அப்போ அவ கேக்கவே இல்லையா?"

"தெரியலம்மா."

"பதினோரு வருஷம் டீச்சர். தெரியலன்னு இன்னைக்கா வந்து சொல்றீங்க? பஸ்ல ஏறுறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன், என் பொண்ணுக்குப் பேச்சு வராது, ஆனா கேக்கத் தெரியும்னு."

"என்னை மன்னிச்சிடும்மா."

"மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்கு? வெள்ளிக்கிழமை செருமுங்க."

"செருமிச் சேத்துட்டா, அங்க போய் அவ…"

"அங்க போய் என்ன ஆனாலும் சாயங்காலம் நான் போய் நிப்பேன். விடுதிக்கு வாரம் ஒரு தடவைதான் விடுவாங்க. எனக்கு உங்க நியாயம் வேணாம் டீச்சர். என் பொண்ணு சாயங்காலம் வீட்டுக்கு வரணும்."

எழுந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். கண்ணாடியைச் சரி செய்வது போல நெடுநேரம் அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வண்டியை எடுத்துவிட்டாள். ஓடி வந்த ஒருவர் ஏற முடியாமல் என்னைப் பார்த்து முறைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவளிடம் சொல்லியிருக்கவே கூடாதோ என்றும் தோன்றியது, பதினோரு வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, கையில் கோப்பு, காலில் வெள்ளைச் செருப்பு. லாயத்துக்கு வெள்ளைச் செருப்பில் வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அலுவலக அறையில் அரைமணி நேரம் என்னிடம் கேள்வி கேட்டார். அதற்குள் நான் பலமுறை செருமியிருக்க வேண்டும், ஏனென்றால் கைப்பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். மைதானத்துக்கு வந்ததும், குதிரை என்றால் பயம் என்று வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவருக்குப் பக்கத்தில் மேடத்தின் அம்மா, வேலை உடுப்போடு. அவள் குதிரையைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபால்காரர் காதுக் கருவியைக் கழற்றி, எனக்குக் காட்டிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு இனிமே ஒண்ணும் கேக்காது" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார்.

குதிரை ஏறுவதற்கென்று கட்டிய மேடையிலிருந்து மேடம் ஏறினாள். கோடு போட்ட இடத்துக்குக் கொண்டுபோய் மேனேஜரை நிறுத்தினோம். நான் எப்போதும் போல மேடத்தின் முட்டியருகே நின்றேன். செருமுவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டுத்தான் நின்றேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இல்லை. ஒரு முடிவும் எடுக்கவில்லை. வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

மேடம் கழுத்தில் தட்டினாள், இரண்டு தட்டு. மேனேஜர் நின்றது. மறுபடி இரண்டு. நின்றது. ஒரு நிமிடம் போனது. அதிகாரி கோப்பைத் திறந்தார். தொண்டை அரிக்கத் தொடங்கியது. முப்பத்தாறு வருடத் தூசும் கூடிப் பேசிக்கொண்டு அந்த நேரத்தில்தான் கிளம்பியது. கண்ணில் நீர் வந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்து அதிகாரி நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். மேடம் தட்டினாள். மூன்று நிமிடம். நான்கு. அதிகாரி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"டீச்சர்" என்றாள் அவள் அம்மா, மெதுவாக.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செருமப் போனேன். அந்தப் பேனாவைப் பார்த்ததும் நியாயமெல்லாம் காற்றில் பறந்துவிட்டது. வாயைத் திறந்தும் விட்டேன்.

அப்போது மேடம் கீழே குனிந்து என்னைப் பார்த்தாள். தலைக்கு மேலே அல்ல, என் முகத்தை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. திறந்திருந்த என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதிலிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"க்ஹும். க்ஹ்ரும்ம்."

முதலில் ஒரு சின்னச் செருமல், பிறகு ஒரு நீளமான செருமல், கடைசியில் கொஞ்சம் எரிச்சல். அச்சு அசல் நான். மேனேஜர் நடந்தது. எதுவும் கேட்காத தபால்காரர் "ஏய், ஏய்" என்று கயிற்றோடு இழுபட்டுப் போனார்.

"நீங்கதானே செருமினது?" என்றார் அதிகாரி.

"இல்ல."

"உங்க குரல்தானே அது. காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேனே."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. வேலியருகே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "இந்தக் குதிரை நான் செருமினாத்தான் நடக்கும். பதினோரு வருஷமா நான்தான் செருமிருக்கேன், எனக்கே தெரியாம. இப்போ செருமினது அவ."

"அப்போ விண்ணப்பத்துல நீங்க எழுதினது?"

"தப்பு."

"இப்போ நடந்தது?"

"அதை நீங்கதான் சொல்லணும். நான் எழுதினா நம்பாதீங்க."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க. நான் கூப்பிடுற வரைக்கும் வராதீங்க" என்றார். வெள்ளைச் செருப்பைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

தீவன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே தூசு இன்னும் அதிகம். செருமினால் வெளியே குதிரை நடந்துவிடும். ஒரு சாக்கை எடுத்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டேன். சத்தமே இல்லை. மேடம் மேனேஜரைத் தட்டுவது மட்டும் கேட்டது, இரண்டு இரண்டாக. தட்டல் நின்றது. பிறகு வெளியிலிருந்து என் செருமல் கேட்டது. மணலில் குளம்புச் சத்தம், நின்றது. மறுபடி என் செருமல், மறுபடி குளம்பு. மூன்றாவது தடவை தட்டவே இல்லை, நேரே செருமல்தான். அவள் அம்மா சிரிப்பது கேட்டது. சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆயிற்று. சாக்குக்குள் நானும் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

எத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள், குதிரையை நகர்த்துவது தட்டல் அல்ல என்று. ஆனால் தட்டினால் நான் செருமுகிறேன், நான் செருமினால் குதிரை நடக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு ஓட ஓர் ஆள் இருக்கும்போது தானே எதற்குத் தொண்டையை வருத்திக்கொள்ள வேண்டும்? வெள்ளிக்கிழமை அந்த ஆள் வேலைக்கு வரவில்லை. தானே செய்துகொண்டாள்.

அதிகாரி கதவைத் திறந்தார். கோப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "குரலால் கேட்கிறாள். தூண்டுதல் இல்லை. மூன்று முறை சரிபார்க்கப்பட்டது." அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "குரல் ஆசிரியையின் குரலைப் போலுள்ளது. தொழிற்கூடத்தில் இதைத் தெரிவிக்கவும்."

வெளியே மேடம் இறங்கி நின்றிருந்தாள். அவள் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம், வாயிலருகே, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு. நான் மேடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கையை எடுத்து என் தோளில் வைத்தாள். இரண்டு தட்டு. பார்வை வாயிலருகே நின்ற அம்மாவின் பக்கம்.

இவள் எல்லாவற்றையும்தான் தட்டுவாள், சுவரையும்தான் தட்டுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு நோட்டு எழுதி மூக்குடைபட்டவள் இன்னொரு தடவை அவசரப்படக் கூடாது. அசையாமல் நின்றேன்.

மறுபடி இரண்டு தட்டு. நான் நகரவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில் மேடம் தொண்டையைச் செருமினாள். நான் நடந்தேன்.